திரையில் வந்த தீயணைப்பு வண்டி எந்த மாடல்?

(திரைப்பட ஆர்வலர்களும் பழைய வாகன ஆர்வலர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய படம் ஓடிக்கொண்டிருக்கிறது. மணியடித்தபடி ஒரு தீயணைப்பு வண்டி தெருமுனையில் திரும்புகிறது. மூன்று நொடி, மிஞ்சினால் நான்கு நொடி. அதற்குள் காட்சி மாறிவிடுகிறது. அரங்கில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார்: "அது என்ன வண்டிங்க?" பக்கத்தில் இருப்பவர் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்கிறார். பெரும்பாலும் அந்தப் பெயர் தப்பு. ஏன் தப்பாகிறது, சரியாகச் சொல்ல எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரையில் வரும் தீயணைப்பு வண்டியில் பெரிதாக எழுதியிருப்பதும் பளிச்சென்று தெரிவதும்தான் நம்பத்தகாத சாட்சிகள். ஊர்ப் பெயர், வண்டி எண், வண்ணம், சைரன் எல்லாம் அப்படித்தான். படக்குழு கை வைக்க நினைக்காத பாகங்கள் சில உண்டு: முன்கண்ணாடியின் வளைவு, கதவின் கீல், சக்கரத்தின் வார்ப்பு, பம்பு இருக்கும் இடம். அவைதான் உண்மை பேசும்.

கார் விஷயத்தில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு காரைப் பார்த்து அம்பாசடர் என்றோ பியட் என்றோ சொன்னால் வேலை முடிந்தது. எஞ்சின், சேஸிஸ், பாடி மூன்றும் ஒரே தொழிற்சாலையின் பெயரில் வெளியே வருகின்றன. தீயணைப்பு வண்டி அப்படிப் பிறப்பதில்லை. ஆள் பாதி ஆடை பாதி என்பார்களே, இங்கே சேஸிஸ் பாதி, பாடி பாதி. லாரி கம்பெனி ஒன்று சேஸிஸ் கொடுக்கும். இன்னொரு பட்டறை அதன்மேல் பாடி கட்டும். பம்பு மூன்றாவது ஓர் இடத்திலிருந்து வரும். நம் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் நிற்கும் அசோக் லேலண்டு, டாடா வண்டிகளும் இப்படித்தான் உருவாகின்றன.

பிரிட்டனில் பெட்ஃபோர்டு டிகே என்ற லாரியை எடுத்துக்கொள்வோம். பெட்ஃபோர்டு பெயர் நம் பெரியவர்களுக்குப் பழக்கமானது. 1960 முதல் பல ஆண்டுகள் அந்த நாட்டுத் தெருக்களில் பால் கொண்டுபோனதும் மரம் ஏற்றியதும் டிகேதான். அதே சேஸிஸ்மேல் சவுத்தாம்ப்டனுக்குப் பக்கத்தில் டாட்டன் என்ற ஊரில் இருந்த எச்சிபி-ஆங்கஸ் நிறுவனம் தீயணைப்பு பாடி கட்டியது. வூஸ்டர் நகரின் கார்மைக்கேல் நிறுவனமும் தீயணைப்பு வண்டிகளுக்கு பாடி கட்டிப் பேர் பெற்றது. எனவே "பெட்ஃபோர்டு" என்ற பதில் பாதிப் பதில்தான். "பெட்ஃபோர்டு டிகே சேஸிஸ், எச்சிபி-ஆங்கஸ் பாடி" என்றால்தான் முழுப் பதில்.

அமெரிக்காவில் இரண்டு வம்சங்கள் உண்டு. ஃபோர்டு, டாட்ஜ், இன்டர்நேஷனல் போன்ற சாதாரண லாரி சேஸிஸ்மேல் பாடி கட்டியவை ஒரு வம்சம். தீயணைப்புக்கென்றே அடிமுதல் முடிவரை சொந்தமாகச் செய்த வண்டிகள் மற்றது. சீக்ரேவ், அமெரிக்கன் லாஃப்ரான்ஸ், ஆரன்ஸ்-ஃபாக்ஸ், கிரவுன், வார்ட் லாஃப்ரான்ஸ் எல்லாம் இந்த இரண்டாம் வம்சத்தின் பெயர்கள். மேக் நிறுவனம் சரக்கு லாரியும் செய்தது, தீயணைப்பு வண்டியும் செய்தது. திரையில் வண்டியைப் பார்த்தவுடன் அது எந்த வம்சம் என்று தீர்மானிப்பதே முதல் வேலை. இதில் சறுக்கினால் அதற்குப் பின் சொல்வதெல்லாம் சறுக்கும்.

சறுக்குவதும் எளிது. ஃபோர்டு சி வரிசை என்ற மூக்கில்லாக் கேபின் லாரி 1957இல் வந்தது. 1990 வரை விற்றது. முப்பத்துமூன்று ஆண்டுகள் ஏறக்குறைய ஒரே முகம். அந்த முகத்தை மட்டும் பார்த்து யாராவது "1964 மாடல்" என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கேபினை ஃபோர்டுக்குச் செய்துகொடுத்தது பட் என்ற நிறுவனம். அதே கேபினை மேக் நிறுவனமும் வாங்கித் தன் என் வரிசை லாரிகளில் பொருத்தியது. முகம் ஃபோர்டு, உள்ளே மேக்! முகஜாடையை வைத்து மட்டும் குலம் கோத்திரம் சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில், ஓட்டுநர் எங்கே உட்கார்ந்திருக்கிறார்? முன்சக்கரத்துக்குப் பின்னால், நீண்ட பானெட்டுக்கு அப்பால் உட்கார்ந்திருந்தால் அது பழைய அமைப்பு. முன்சக்கரத்துக்கு முன்னால், மூக்கே இல்லாத வண்டியின் நுனியில் உட்கார்ந்திருந்தால் அது வேறு தலைமுறை. அமெரிக்காவில் அமெரிக்கன் லாஃப்ரான்ஸின் 700 வரிசை, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இந்த மூக்கில்லா அமைப்பைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. இந்த ஒரே கேள்வி பாதிப் பெயர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும்.

இரண்டாவது, ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? வண்டியை மறந்துவிட்டு ஆட்களைப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் படங்களில் தீயணைப்பு வீரர்கள் வண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில், வெளிப்பக்கம் பார்த்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு பிரெய்ட்வுட் பாடி என்று பெயர். லண்டன் தீயணைப்புப் படையின் தலைவராக இருந்து 1861இல் டூலி தெருத் தீவிபத்தில் உயிர்விட்ட ஜேம்ஸ் பிரெய்ட்வுட்டின் பெயர் அது. குதிரை வண்டிக் காலத்து இருக்கை மோட்டார் வண்டியிலும் தொடர்ந்தது. வேகம் கூடியதும் வளைவுகளில் ஆட்கள் விழுந்து அடிபட்டார்கள். 1930களில் ஆட்களை உள்ளே உட்காரவைத்து மூடும் பாடி பரவியது. ஆகவே வெளியே தொங்கும் வீரர்களைப் பார்த்தால் வண்டி எந்தக் காலத்து வடிவம் என்று ஓரளவு கணக்குப் போடலாம்.

அமெரிக்காவில் இதற்கு இணையான அடையாளம் பின்படி. வண்டியின் பின்புறப் படியில் நின்று, கம்பியைப் பிடித்தபடி வீரர்கள் போவதை எத்தனையோ படங்களில் பார்த்திருப்போம். அந்த நாட்டின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 1991இல் வெளியிட்ட தர விதி, எல்லாரும் மூடிய கேபினுக்குள் உட்கார வேண்டும் என்றது. புது வண்டிகளில் அந்தக் காட்சி அத்தோடு போயிற்று.

மூன்றாவது, ஏணி. பின்புறத்தில் கட்டை வண்டிச் சக்கரம்போல இரண்டு பெரிய சக்கரங்கள் துருத்திக்கொண்டிருந்தால் அது பிரிட்டிஷ் பழக்கம். ஏணியையே சக்கரத்தோடு இறக்கி, தள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் சார்த்துவார்கள். கில்ஃபோர்டு நகரின் டெனிஸ் நிறுவனம் 1950களில் செய்த எஃப்12 வண்டியின் பின்புறம் இந்தச் சக்கர ஏணியோடு ஊர்வலத்துக்குப் புறப்பட்டதுபோல் இருக்கும். அதன் எஞ்சின் ரோல்ஸ்-ராய்ஸ் செய்த எட்டு சிலிண்டர் பி80. டெனிஸ் என்று நாம் சொல்லும் வண்டியின் இதயம் இன்னொரு கம்பெனியுடையது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பம்பு. இங்கே ஒரு வண்டியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து சின்சினாட்டி நகரில் ஆரன்ஸ்-ஃபாக்ஸ் என்ற நிறுவனம் இருந்தது. அதன் புகழ்பெற்ற வண்டிகளில் ரேடியேட்டருக்கும் முன்னால், வண்டியின் மூக்கில், பளபளக்கும் ஒரு பெரிய உலோக உருண்டை நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்றே நினைப்பார்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அந்த வண்டியில் இருப்பது பிஸ்டன் பம்பு. பிஸ்டன் போய்வரும்போது தண்ணீர் ஒரே சீராக வராது. துடித்துத் துடித்து வரும். அந்தத் துடிப்பு ஹோஸ் வழியாகப் போய் அதைப் பிடித்திருப்பவரின் கையை உதறும். உருண்டைக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. தண்ணீர் அழுத்தம் ஏறும்போது காற்று சுருங்கும். இறங்கும்போது விரிந்து தண்ணீரைத் தள்ளும். துடிப்பு அடங்கி நீர் சீராகப் பாயும். பம்பு முன்னால் இருப்பதால் உருண்டையும் முன்னால் இருக்கிறது. திரையில் அரை நொடி அந்த உருண்டை தெரிந்தால் போதும், பிஸ்டன் பம்பு ஆரன்ஸ்-ஃபாக்ஸ் என்று துணிந்து எழுதலாம். பெயரைத் தார் பூசி மறைத்தாலும் அந்த உருண்டையை மறைக்க முடியாது. அதை எடுத்துவிட்டால் நீர் சீராகப் பாயாது.

எல்லா வண்டியும் இப்படி மூக்கில் முகவரி எழுதிக்கொண்டு வருவதில்லை. அதனால்தான் ஐந்தாவதாகச் சின்னச் சின்ன விஷயங்கள்: முன்கண்ணாடி ஒரே துண்டா, நடுவில் கம்பி உள்ள இரண்டு துண்டா? கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? சக்கரம் தட்டையான தகடா, வார்ப்புக் கால்கள் உள்ளதா? சீக்ரேவ் நிறுவனம் 1951இல் தன் எழுபதாம் ஆண்டையொட்டிக் கொண்டுவந்த வரிசையில் சைரன் கிரில்லின் நடுவிலேயே பதிந்திருக்கும். அங்கே சைரன் பின்னால் ஒட்டிய பொருளாக இல்லை. முகத்தின் பகுதியாகவே வார்த்திருக்கிறார்கள். அதனால் அது சாட்சியாக நிற்கும். பம்பர்மேல் போல்ட்டு போட்டு உட்காரவைத்த சைரன் சாட்சியாகாது. ஃபெடரல் நிறுவனத்தின் க்யூ சைரன் மேக்கிலும் இருக்கும், சீக்ரேவிலும் இருக்கும், ஃபோர்டிலும் இருக்கும். வாங்கி மாட்டும் பொருள் வண்டியின் குலத்தைச் சொல்லாது.

இனி ஒரு முழு வழக்கையே எடுத்துப் பார்ப்போம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'எமர்ஜென்சி!' என்று ஒரு தொடர். பெயரைக் கேட்டு நம் நாட்டின் 1975 நெருக்கடி நிலைக்குப் போய்விடாதீர்கள். இது என்பிசி அலைவரிசையில் 1972 ஜனவரி 15 அன்று தொடக்கப் படமாக வந்து, 1977 வரை ஓடிய தீயணைப்பு, மருத்துவ முதலுதவித் தொடர். ஜாக் வெப்பின் நிறுவனமும் யுனிவர்சலும் தயாரித்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், 51ஆம் எண் தீயணைப்பு நிலையம்தான் கதைக்களம். மருத்துவப் பயிற்சி பெற்ற தீயணைப்பு வீரர்கள் அமெரிக்காவிலேயே ஒருசில இடங்களில்தான் இருந்த காலம் அது. அந்த வேலையை நாடு முழுவதும் வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது இந்தத் தொடர்.

தொடரில் வரும் பெரிய வண்டி என்ன மாடல்? பலரும் ஒரே பெயரைச் சொல்லிவிட்டுப் போவார்கள். எஞ்சின் 51 என்ற எண்ணோடு வருவது ஒரு வண்டி அல்ல, இரண்டு. தொடக்கப் பருவங்களில் வந்தது 1965இல் செய்த கிரவுன் ஃபயர்கோச். மூன்றாம் பருவத்திலிருந்து வந்தது 1973இல் செய்த வார்ட் லாஃப்ரான்ஸ் பி-80 அம்பாசடர். நம் ஊர் அம்பாசடருக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிரவுன் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் பஸ் கம்பெனி. கலிஃபோர்னியாவின் பள்ளிக்கூடப் பஸ்களுக்குப் பேர்போனது. 1950களின் தொடக்கத்திலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை தீயணைப்பு வண்டியும் செய்தது. பஸ் கட்டியவர்களின் கை அந்த வண்டியில் தெரியும்: முகத்தின் ஓரங்கள் உருண்டிருக்கும், கேபினின் விளிம்புகள் மென்மையாக வளைந்து இறங்கும். வார்ட் லாஃப்ரான்ஸின் முகம் நேர்க்கோட்டு முகம். மூலைகள் கறார். தகரத்தை மடித்த இடம் மடித்த மாதிரியே நிற்கும். எண் ஒன்றுதான், நிலையம் ஒன்றுதான், ஓட்டுபவரும் ஒருவரேதான். ஆனால் முன்முகத்தின் மூலையைப் பார்க்கத் தெரிந்தவர் ஒரே பார்வையில் பருவத்தையே சொல்லிவிடுவார். தொலைக்காட்சித் தொடர்களில் ஏற்கெனவே எடுத்து வைத்த ஓட்டக் காட்சிகளை மறுபடி மறுபடி செருகுவது வழக்கம். ஆகவே ஒரு காட்சியில் வந்ததை வைத்து முழு அத்தியாயத்துக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒவ்வொரு துண்டுக் காட்சியையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

இங்கே பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லாஃப்ரான்ஸ் என்ற பெயரைப் படித்தவுடன் "அமெரிக்கன் லாஃப்ரான்ஸ்" என்று எழுதிவிடுவார்கள். வார்ட் லாஃப்ரான்ஸ் வேறு, அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் வேறு. இரண்டும் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா வட்டாரத்தில் அக்கம்பக்கத்தில் இருந்த நிறுவனங்கள். குடும்பப் பெயர் ஒன்று, கம்பெனி வெவ்வேறு. வார்ட் லாஃப்ரான்ஸைத் தொடங்கியவர் அடிசன் வார்ட் லாஃப்ரான்ஸ். படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வருடக்கணக்கில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருக்கிறார்கள்.

எண்ணும் நிலையமும் எவ்வளவு நம்பத்தக்கவை? தொடரில் 51 என்று காட்டிய கட்டடம் கார்சன் நகரில் உள்ள 127ஆம் எண் நிலையம். பின்னாளில் அதற்குத் தொடரின் தயாரிப்பாளர் ராபர்ட் ஏ. சினேடரின் பெயரைச் சூட்டினார்கள். யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் இருந்த கவுண்டி நிலையத்துக்கு அப்போது எண் 60. தொடரின் நினைவாகப் பின்னாளில் அதற்கு 51 என்ற எண்ணையே கொடுத்தார்கள். கதை சொன்ன எண் பிறகு நிஜமாகிவிட்டது! இன்று ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியின் பட்டியலில் 51ஆம் நிலையத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கே என்ன வண்டி இருந்தது என்று பார்த்து விடை எழுதினால், நேர்மையாகத் தேடியும் தவறான இடத்துக்குத்தான் போய்ச் சேர்வார்.

அதே நேரத்தில் இந்தத் தொடரில் உண்மையும் நிறைய. தீயணைப்பு வண்டியை ஓட்டிய மைக் ஸ்டோக்கர் நிஜமாகவே கவுண்டியின் தீயணைப்பு வீரர். தன் சொந்தப் பெயரிலேயே தொடரில் வருகிறார். அழைப்பை ஒலிபரப்பும் குரல் சாம் லேனியர் என்ற நிஜ அலுவலருடையது. முதலுதவி வீரர்கள் போகும் சிறிய வண்டி டாட்ஜ் டி-300, 1972 மாடல். டாட்ஜ் தன் டி வரிசைக்குப் புது உடல் கொடுத்த முதல் ஆண்டு அது. நம் நாட்டில் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தப் பெயரை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆக, ஒரே தொடரில் வண்டிகள் உண்மை, ஆட்களில் சிலர் உண்மை, எண் கற்பனை, கட்டடம் வேறு. எது உண்மை, எது வேடம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டால்தான் மாடல் கைக்குச் சிக்கும்.

அந்த வார்ட் லாஃப்ரான்ஸ் பிற்பாடு என்ன ஆயிற்று தெரியுமா? யோசெமிட்டி தேசியப் பூங்காவில் வேலை பார்த்தது. அது இன்ன வண்டி என்று அறிந்தவர்கள் இருந்ததால் காயலான் கடைக்குப் போகாமல் தப்பியது. இப்போது லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டித் தீயணைப்பு அருங்காட்சியகத்தின் சொத்து. மாடலை அடையாளம் காண்பது வெட்டிப் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு இந்த ஒரு வண்டி போதுமான பதில்.

இப்போது வண்ணத்துக்கு வருவோம். தீயணைப்பு வண்டி என்றால் சிவப்பு என்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. மௌனப் படக் காலத்தில் பெருவாரியாகப் பயன்பட்ட ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு நிறம் உறைக்காது. அந்தப் பிலிமில் சிவப்பு வண்டி கிட்டத்தட்டக் கறுப்பாகவே விழும். ஆகவே மௌனப் படத்தில் கறுப்பாகத் தெரியும் வண்டியைக் கறுப்பு வண்டி என்று எழுதக் கூடாது.

மறுபக்கம், பிரிட்டனில் கரும்பச்சை வண்டி ஒன்று இருந்தது. மக்கள் வைத்த பெயர் 'கிரீன் காடஸ்'. 1950களில் அணுகுண்டுப் போர் வந்தால் எரியும் நகரங்களை அணைக்கவென்று துணைத் தீயணைப்புப் படைக்காகப் பெட்ஃபோர்டு சேஸிஸ்மேல் கட்டியவை. 1968இல் அந்தப் படையைக் கலைத்துவிட்டார்கள், வண்டிகளை வைத்துக்கொண்டார்கள். 1977இல் தீயணைப்பு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவத்தினர் அவற்றை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். 2002இலும் அதே கதை. ஆகவே கிரீன் காடஸ் தெரியும் செய்திப்படம் 1950களுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வண்டி பிறந்த ஆண்டு வேறு, படம் எடுத்த ஆண்டு வேறு. தீயணைப்பு வண்டி அதிகம் ஓடாது, நன்றாகப் பராமரிக்கப்படும், அதனால் நீண்ட நாள் வாழும். வண்டியை வைத்துப் படத்தின் காலத்தைக் கணிக்கும்போது ஒன்றை மட்டும்தான் உறுதியாகச் சொல்லலாம்: இந்த வண்டி பிறப்பதற்கு முன்னால் இந்தக் காட்சியை எடுத்திருக்க முடியாது.

பிரிட்டிஷ் படமானால் நம்பர் பிளேட் உதவும். அங்கே 1963இல் தொடங்கி எண்ணின் கடைசியில் ஆண்டைக் குறிக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். 1983 முதல் அந்த எழுத்து முன்னால் வந்தது. 'லண்டன்ஸ் பர்னிங்' என்ற தொடர் 1986இல் ஒரு படமாகத் தொடங்கி, 1988 முதல் 2002 வரை ஓடியது. பிளாக்வால் என்ற கற்பனை நிலையம். படப்பிடிப்பு பெரும்பாலும் நடந்தது டாக்ஹெட் நிலையத்தில். தொடக்கத்தில் டாட்ஜ், பிறகு வால்வோ எஃப்எல்6 என்று அதன் வண்டிகளும் மாறின. இப்படி நீண்ட நாள் ஓடும் தொடர்களில் பிளேட்டில் உள்ள ஓர் எழுத்து பெரிய வாதங்களைத் தீர்த்துவைக்கும். ஆனால் பிளேட்டை மாற்றி மாட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிளேட்டும் பாடியும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் சண்டையிட்டால் பாடியின் பக்கம் நில்லுங்கள்.

மௌனப் படங்களைப் பற்றி இன்னும் இரண்டு சொல். திரைப்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே தீயணைப்பு வண்டி திரைக்கு வந்துவிட்டது. ஜேம்ஸ் வில்லியம்சன் 1901இல் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் 'ஃபயர்!' எடுத்தார். எட்வின் எஸ். போர்ட்டரின் 'லைஃப் ஆஃப் அன் அமெரிக்கன் ஃபயர்மேன்' 1903இல் வந்தது. இரண்டிலும் ஓடுவது குதிரைகள். 1916இல் சாப்ளின் 'தி ஃபயர்மேன்' எடுத்தபோதும் குதிரை வண்டிதான். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத் தீயணைப்புத் துறை தன் குதிரைகளுக்கு ஓய்வு கொடுத்தது 1921இல். அடுத்த ஆண்டே 'தி தேர்ட் அலாரம்' என்ற படம், மோட்டார் வண்டி வந்ததால் குதிரையையும் வேலையையும் இழக்கும் ஒரு முதிய வீரரின் கதையைச் சொன்னது. அந்த மாற்றத்தை அன்றைய ஆட்கள் எப்படி உணர்ந்தார்கள் என்பதற்கு இந்தப் படங்களே ஆவணம்.

அந்தக் காலத்து மோட்டார் வண்டிகளில் ஒரு பொறி இருக்கிறது. வண்டியின் வலப்பக்கம் ஸ்டீயரிங் தெரிந்தால் உடனே பிரிட்டன் என்போம். 1910களின் அமெரிக்கன் லாஃப்ரான்ஸ் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் இருந்தது. பின்சக்கரத்துக்குச் சங்கிலி ஓடும். இன்னொன்று, படத்தொகுப்பில் சில சமயம் பிலிமைத் திருப்பிப் போட்டு ஒட்டிவிடுவார்கள். வலம் இடமாகிவிடும். எங்காவது எழுத்து தெரிந்தால் அது இடவலம் மாறிய கண்ணாடி எழுத்தா என்று பாருங்கள். எழுத்தே தெரியாவிட்டால் வீரர்களின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம் மூடியிருக்கிறது என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் பதிலை எப்படி எழுதுவது? சேஸிஸ் யாருடையது, பாடி யாருடையது, எந்தத் துறையில் ஓடியது என்று மூன்று தனித்தனிக் கட்டங்களாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஆண்டைச் சொல்ல ஆதாரம் இல்லாவிட்டால் "1957க்குப் பின்" என்று மட்டும் எழுதினால் போதும். அது தோல்வி அல்ல; நாளைக்கு இன்னொருவர் வந்து நிரப்ப இடம் விடுவது. ஆதாரம் இல்லாமல் நீங்கள் எழுதிய "1964"ஐ அடுத்தவர் எடுத்து எழுதுவார், அவரிடமிருந்து இன்னொருவர் எடுத்து எழுதுவார். ஐந்தாவது ஆளிடம் அது வரலாறாகிவிடும்.

நேரில் ஒரு பழைய வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் திரையில் அதை அடையாளம் காண்பது கடினம். டெல்லிக்குப் போகிறவர்கள் தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் உள்ள 1914ஆம் ஆண்டு ஜான் மாரிஸ் தீயணைப்பு வண்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் செய்து, நிஜாம் ரயில்வேயில் உழைத்த வண்டி. காற்றடைக்காத கெட்டி ரப்பர் டயரும், திறந்த இருக்கையும், வெளியே நிற்கும் பித்தளையும் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குத் திரையில் தெரியும் மூன்று நொடி போதும்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்தமுறை படத்தில் ஒரு தீயணைப்பு வண்டி ஓடினால், அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்காதீர்கள். காட்சியை நிறுத்தி, முன்சக்கரத்தையும் முன்கண்ணாடியையும் பம்பையும் பாருங்கள். பார்த்ததை, பார்த்த நிமிடக் குறிப்போடு எழுதி வையுங்கள். பெயர் பிறகு தானாக வரும்.